மகன் கேட்கும் ஜிடிஓ, மருமகள் கேட்கும் ப்ளக்-இன்

இம்மாதம் வந்த கடிதங்களுள் மூன்று, பழைய காரா ஹைப்ரிட் காரா என்ற ஏறத்தாழ ஒரே பொருளைச் சுற்றி அமைந்திருந்தன. எனவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்து, இம்மூன்றுக்கு மட்டும் விரிவாக விடையளிக்கிறேன்.

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் பொறியாளனாக இருக்கிறான். அவர்கள் வீட்டில் ஒரு காருக்குத்தான் இடமும் பணமும் இருக்கின்றன. அவன் 1966-ஆம் ஆண்டின் பாண்டியாக் ஜிடிஓ என்ற மஸில் கார் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறான். மருமகளோ 2021-ஆம் ஆண்டு மாதிரியான டொயோட்டா ராவ்4 பிரைம் என்ற, வீட்டு ப்ளக்கில் சார்ஜ் ஏற்றிய மின்சாரத்திலும் பெட்ரோலிலும் ஓடும் ப்ளக்-இன் ஹைப்ரிட் க்ராஸ்ஓவரைத்தான் வாங்க வேண்டும் என்கிறாள். “335 குதிரைத்திறன் உள்ள வண்டியோடு, காய்கறி வாங்கப் போகிற வண்டியை ஒப்பிடலாமா?” என்று மகன் கேட்கிறான். நான் ஆயுள் முழுவதும் தறியோடு கிடந்தவன். இருவரும் என்னிடம் நியாயம் கேட்கிறார்கள். நான் யார் பக்கம் பேசட்டும், ஐயா? (வாசகர், சோமனூர்)

பதில்: மருமகள் பக்கம் பேசுங்கள். வீட்டில் நிற்கப்போவது ஒரே கார் என்றால், பனியிலும், பனியை உருக்கச் சாலையில் கொட்டும் உப்பிலும் நாள்தோறும் வேலைக்குப் போய்வர வேண்டிய அந்தக் கார் 1966-ஆம் ஆண்டு ஜிடிஓவாக இருக்கக் கூடாது. ஆனாலும் உங்கள் மகனின் ஆசையைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளிவிட வேண்டாம். அவர் விரும்புவது மிக நல்ல வண்டி. அவர் கையில் வைத்திருக்கும் எண்தான் அவரைத் தவறான முடிவுக்கு இழுக்கிறது.

முதலில் அந்த வண்டி எப்படிப் பிறந்தது என்று சொல்லிவிடுகிறேன். நடுத்தர அளவுள்ள கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட என்ஜினைப் பொருத்தக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தனக்குத்தானே ஒரு கட்டுப்பாடு விதித்திருந்தது. அந்நிறுவனத்தின் பாண்டியாக் பிரிவில் இருந்த ஜான் டிலோரியனும் அவருடைய சகபொறியாளர்களும், பெரிய காருக்குரிய 389 கன அங்குல, அதாவது 6.4 லிட்டர் என்ஜினை, டெம்பஸ்ட் என்ற நடுத்தரக் காருக்குள் 1964-ஆம் ஆண்டு மாதிரிக்காக இறக்கினார்கள். அதைத் தனிக் காராக அறிவிக்காமல், வாங்குபவர் விரும்பினால் சேர்த்துக்கொள்ளக்கூடிய கூடுதல் பொருத்தம் என்று பட்டியலில் எழுதியதால் கட்டுப்பாட்டின் எழுத்துக்கு ஊறு நேரவில்லை. முதல் ஆண்டிலேயே 32,450 வண்டிகள் விற்றன. 1966-இல் ஜிடிஓ தனி மாதிரியாகியபோது அந்த எண்ணிக்கை 96,946-ஐ எட்டியது. மிதமான உடலில் மிதமிஞ்சிய என்ஜின் என்பதே மஸில் காரின் இலக்கணம் என்றால், அதற்கு முதல் எடுத்துக்காட்டாகப் பலரும் காட்டுவது இந்த வண்டியைத்தான்.

இனி அந்த 335-க்கு வருவோம். அக்காலத்தில் அமெரிக்க நிறுவனங்கள் என்ஜினைத் தனியே கழற்றிச் சோதனை மேடையில் ஏற்றி, காற்று வடிகட்டியும் ஆல்டர்னேட்டரும் காரின் சொந்தச் சைலன்ஸர் குழாயும் இல்லாமல் ஓடவிட்டு அளந்ததைத்தான் விளம்பரத்தில் அச்சிட்டன. காரில் உள்ளபடியே எல்லாவற்றையும் மாட்டி அளக்கும் நிகரத் திறன் 1972-ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்துதான் வழக்கத்துக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் இரண்டு எண்களையும் வெளியிட்டது. 1971-ஆம் ஆண்டு ஜிடிஓவின் 400 கன அங்குல என்ஜினுக்குப் பழைய கணக்கில் 300 குதிரைத்திறன், நிகரக் கணக்கில் 255. அதே விகிதத்தை 1966-ஆம் ஆண்டு வண்டிக்கும் பொருத்திப் பார்த்தால் 335 என்பது 285-ஐ ஒட்டி வந்து நிற்கிறது. டொயோட்டா சொல்லும் 302 குதிரைத்திறனோ பெட்ரோல் என்ஜினும் முன்னும் பின்னும் உள்ள மின்மோட்டார்களும் சேர்ந்து வண்டிக்குள் இருந்தபடியே தருவது. உங்கள் மகன் முழம் போட்டு அளந்த துணியையும் மீட்டரில் அளந்த துணியையும் அருகருகே வைத்து எண்களை மட்டும் ஒப்பிடுகிறார். தறிக்காரரான நீங்கள் இதை அவருக்கு என்னைவிட நன்றாக விளக்க முடியும்.

நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைல், அதாவது ஏறக்குறைய 97 கிலோமீட்டர் வேகத்தை எட்ட ராவ்4 பிரைமுக்கு 5.7 விநாடி என்று டொயோட்டா அறிவித்திருக்கிறது. அக்கால ஜிடிஓக்கள் நேர்மையான சோதனைகளில் பெரும்பாலும் 6 முதல் 7 விநாடி எடுத்துக்கொண்டன. நேர்மையான என்று நான் குறிப்பிடக் காரணம் உண்டு. 1964-இல் ஓர் அமெரிக்க வாகன இதழ் ஜிடிஓ 4.6 விநாடியில் அந்த வேகத்தைத் தொட்டது என்று எழுதியதும், சோதனைக்குக் கொடுக்கப்பட்ட வண்டியில் 389-க்குப் பதில் 421 கன அங்குல என்ஜின் இருந்தது என்று பாண்டியாக்கின் விளம்பரப் பணியில் இருந்த ஜிம் வேங்கர்ஸ் பல ஆண்டுகளுக்குப் பின் ஒப்புக்கொண்டதும் அத்துறையில் அனைவரும் அறிந்த செய்திகள். அந்தப் பழைய எண் இன்றும் வாய்வழியாக உலவுகிறது. உங்கள் மகன் காதுக்கும் அதுவே போயிருக்கக்கூடும்.

ஜிடிஓவைவிட ஏறக்குறைய 300 கிலோ கூடுதல் எடையுள்ள க்ராஸ்ஓவர் அதை எப்படி முந்துகிறது என்று கேட்பீர்கள். ஆயில் என்ஜின் வைத்து இறைத்த காலத்தை நம் தோட்டங்களில் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். ஹேண்டிலைச் சுற்றி, ஃப்ளைவீல் வேகம் பிடிக்கும்வரை காத்திருந்து, அதன் பிறகே அந்த என்ஜின் தண்ணீரைத் தூக்கும். 1932-இல் பைக்காரா மின்சாரம் வந்து, பிறகு கிணற்றுக்குக் கிணறு மோட்டார் ஏறியதும், சுவிட்சைப் போட்ட கணத்தில் தண்ணீர் வரத் தொடங்கியது. ஜிடிஓ என்ஜின் தன் முழு முறுக்குவிசையை நிமிடத்துக்கு 3,200 சுற்றில்தான் தருகிறது. மின்மோட்டாரோ சக்கரம் நகரும் முன்பே தன் முழு இழுவிசையையும் கொடுத்துவிடுகிறது. இதற்கு மேல், ஜிடிஓவின் வலிமை முழுவதும் இரண்டு பின்சக்கரங்கள் வழியாகவே தரைக்கு இறங்க வேண்டும். அன்றைய டயர்கள் அதைத் தாங்காமல் புகைந்து வழுக்கும். பார்ப்பதற்கு அது பேரழகு, ஆனால் வழுக்குகிற சக்கரம் வண்டியை முன்னே தள்ளுவதில்லை.

வேகத்தைவிட எனக்கு அக்கறையுள்ள பொருள் பிரேக். 1966-ஆம் ஆண்டு ஜிடிஓவில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் கேட்டு வாங்கும் வசதி மறு ஆண்டுதான் வந்தது. பிரேக் திரவத்தை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரும் ஒற்றை அறை கொண்டது. எங்காவது ஒரு குழாயில் திரவம் கசிந்தால் நான்கு சக்கரமும் ஒருசேரக் கைவிடும். டிரம் பிரேக் சூடேறினால் என்ன ஆகும் என்பதை நான் வால்பாறை மலைச்சாலையில் கற்றேன். நான்கு டிரம் கொண்ட பழைய கார் ஒன்றில் ஆளும் மூட்டையும் நிறைய ஏற்றிக்கொண்டு, ஆழியாறு நோக்கி அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிக்கொண்டிருந்தேன். பாதி வளைவுகள் கடந்தபோது லைனர் கருகும் நெடி வந்தது. அடுத்த வளைவில் பெடல் கட்டை போலக் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை. காலின் முழுப் பலத்தையும் கொடுத்து, இரண்டாவது கியருக்கு இறக்கி, மலைப் பக்கமாக ஒதுக்கி நிறுத்தி, டிரம் ஆறுவதற்கு அரைமணி நேரம் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தேன். ஹைப்ரிட் வண்டியில் அதே இறக்கத்தில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, வண்டியின் ஓட்டத்தை மின்சாரமாக்கிப் பேட்டரிக்குள் அனுப்பும். டிஸ்க் பிரேக்குக்கு வேலை குறைவதால் அது சூடேறுவதும் குறைவு. மிச்சிகனில் மலை இல்லை என்று மகன் சொல்லலாம். பேரப்பிள்ளை பின்னிருக்கையில் உட்காரும் நாளை நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முன்னிருக்கையில்கூடத் தோளைச் சுற்றும் பட்டை இல்லாத, இடுப்புப் பட்டை மட்டுமே கொண்ட வண்டி அது.

எரிபொருள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜிடிஓ லிட்டருக்கு நான்கு முதல் ஆறு கிலோமீட்டர் தரும். ராவ்4 பிரைம் முழு சார்ஜில் பெட்ரோலைத் தொடாமல் 68 கிலோமீட்டர் போகும், சார்ஜ் தீர்ந்தபின் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் தரும். இங்கே மருமகளுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ப்ளக்-இன் ஹைப்ரிட் வண்டியை இரவில் ப்ளக்கில் சொருகும் பழக்கம் இல்லாதவர் அதை வாங்கக் கூடாது. சார்ஜ் செய்யாவிட்டால் 18.1 யூனிட் கொள்ளும் பெரிய பேட்டரியை வெறும் சுமையாகத் தூக்கிக்கொண்டு திரிவதுதான் மிச்சம். அமெரிக்க வீடுகளின் சாதாரண 120 வோல்ட் ப்ளக்கில் முழு சார்ஜுக்கு ஏறத்தாழ 12 மணி நேரம் ஆகும். 240 வோல்ட் இணைப்பு இருந்தால் நான்கரை மணி நேரம் போதும். கடுங்குளிரில் அந்த 68 கிலோமீட்டர் கணிசமாகக் குறையும் என்பதையும் அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். பேட்டரிக்கு அந்நாட்டில் 10 ஆண்டு அல்லது 1,50,000 மைல் உத்தரவாதம் இருக்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகும் ஜிடிஓவை நான் மதிக்கிறேன். பீளமேட்டில் ஒரு பட்டறையில் நான் தொழில் பழகிய நாளில், மில் குடும்பத்து வீடு ஒன்றிலிருந்து செவ்ரோலே இம்பாலா கார் ஒன்று சர்வீஸுக்கு வரும். அதே ஜெனரல் மோட்டார்ஸ் குடும்பத்து வி8 என்ஜின், சிலிண்டர்களுக்கு மின்பொறியைப் பகிர்ந்தனுப்பும் அதே வகை டிஸ்ட்ரிபியூட்டர். அதன் மூடியின் பக்கவாட்டில் விரலகலத்துக்கு ஒரு தகட்டுக் கதவு உண்டு. என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கதவைத் தூக்கி, உள்ளே ஆலன் கீயை நுழைத்து வலப்புறமாகத் திருப்ப வேண்டும். என்ஜின் தடுமாறத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து அரைச் சுற்று பின்னுக்குத் திருப்பினால் பாயிண்ட் இடைவெளி சரியாகிவிடும். அந்த அரைச் சுற்றில் என்ஜின் சத்தம் இழைந்து சீராவதைக் காதால் கேட்பது ஒரு கைத்தொழிலாளிக்குக் கிடைக்கும் மிகப் பெரிய மகிழ்ச்சிகளுள் ஒன்று. கம்ப்யூட்டரை மாட்டிப் பிழை எண்ணைப் படிக்கும் வேலையில் அது எனக்குக் கிடைத்ததில்லை. உங்கள் மகன் தேடுவது இதுவாக இருந்தால் அது உண்மையான தேவைதான், குதிரைத்திறனைக் காரணம் காட்டாமல் அதையே அவர் வெளிப்படையாகச் சொல்லலாம்.

ஆகவே இரண்டாவது கார் நிறுத்த இடம் வரும்வரை அவர் காத்திருக்கட்டும். டெட்ராய்ட் பக்கம் உட்வர்ட் சாலையில் ஒவ்வோர் ஆகஸ்டிலும் பழைய கார்கள் ஊர்வலம் போகின்றன. பாண்டியாக் நகரமே அந்தச் சாலையில்தான் இருக்கிறது. அங்கே போய் உரிமையாளர்களோடு பேசிப் பழகினால், 2010-இல் பாண்டியாக் என்ற பெயரே மூடப்பட்ட பின்னும் உதிரிபாகங்கள் எங்கிருந்து வருகின்றன என்பதெல்லாம் விளங்கும். வாங்கும் நாளில் மூன்றைப் பார்க்க வேண்டும். 1966-ஆம் ஆண்டு ஜிடிஓவில் தொழிற்சாலையே பொறித்த அடையாள எண் 242 என்று தொடங்கும். அப்படித் தொடங்காவிட்டால் அது சாதாரண டெம்பஸ்டுக்கு ஜிடிஓ வேடம் போட்டது. சேசிஸ் சட்டத்தையும் டிக்கித் தளத்தையும் துரு தின்றிருக்கிறதா என்று சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்த என்ஜின் என்பதால், சிலிண்டர் ஹெட்டில், ஈயமில்லாத இன்றைய பெட்ரோலைத் தாங்கும்படி கடினப்படுத்திய வால்வு சீட் பொருத்தப்பட்டிருக்கிறதா என்றும் கேட்டறிய வேண்டும்.

கேள்வி: பொள்ளாச்சியிலிருந்து தினமும் கோவைக்குப் போய்வருகிறேன். இத்தகைய ப்ளக்-இன் ஹைப்ரிட் நம் ஊருக்கு ஒத்துவருமா? பழைய அமெரிக்கக் கார் ஒன்றை இங்கே வாங்கித் தினமும் ஓட்டவும் எனக்கு ஆசை உண்டு. (வாசகர், பொள்ளாச்சி)

பதில்: இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். 50 ஆண்டு கடந்த, மூல வடிவம் மாறாத காரைத் தொன்மை வாகனமாகப் பதிவதற்கு 2021-இல் மத்திய அரசு தனி விதி வகுத்தது. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், எண் பலகையில் விஏ என்ற எழுத்துகள், 10 ஆண்டுச் சான்றிதழ். ஆனால் அவ்வாறு பதிவு செய்த காரை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, ஆய்வு, பெட்ரோல் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். பழைய கார்களைப் பார்க்கும் ஆவல் என்றால், கோவை அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு பெயரால் விளங்கும் ஜிடி கார் அருங்காட்சியகத்துக்கு ஒரு ஞாயிறு முழுவதையும் ஒதுக்குங்கள்.

நீங்கள் போய்வருவது நாளொன்றுக்கு 85 கிலோமீட்டர் அளவில் இருக்கும். 68 கிலோமீட்டர் மின் ஓட்டம் கொண்ட வண்டி பெரும்பகுதியைப் பெட்ரோல் இல்லாமலே முடிக்கும். பேட்டரி நிரம்ப, இழப்பையும் சேர்த்து, 20 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். நாள்தோறும் 20 யூனிட் என்றால் இரண்டு மாதப் பட்டியலில் 1,200 யூனிட் ஏறும். வீட்டு மின்கட்டணத்தின் உச்ச அடுக்கில் யூனிட் 11 ரூபாயைத் தாண்டுவதால், சலுகை அடுக்கை வைத்துக் கணக்குப் போடுவது தவறு. அந்த விலையிலும் 68 கிலோமீட்டருக்கு 240 ரூபாய்க்குள் முடியும். அதே தூரத்துக்குப் பெட்ரோல், லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால், 425 ரூபாய் ஆகும். தோட்டத்து மோட்டார் அறையில் சொருகிக்கொண்டால் கட்டணமே இல்லையே என்று சிலர் எனக்கு எழுதியிருக்கிறார்கள். அது பயிருக்காகத் தரப்பட்ட இலவச மின்சாரம். அதில் காருக்கு சார்ஜ் ஏற்றுவது சட்டத்துக்கும் புறம்பு, அந்த உரிமைக்காகப் போராடிய விவசாயிகளுக்குச் செய்யும் துரோகமும் ஆகும்.

சிக்கல் கணக்கில் இல்லை, சந்தையில்தான் இருக்கிறது. ராவ்4 பிரைம் இந்தியாவில் விற்கப்படவில்லை. இங்கு வந்த ப்ளக்-இன் வண்டிகள் வால்வோ எக்ஸ்சி90 போன்ற மிக விலை உயர்ந்த சிலவே. வரியும் இதற்குத் துணையாக இல்லை. முழு மின்காருக்கு ஜிஎஸ்டி 5 விழுக்காடு. 2025 செப்டம்பர் மாற்றத்துக்குப் பின் பெரிய ஹைப்ரிட் வண்டிகளுக்கு 40 விழுக்காடு. பெட்ரோலை உண்மையிலேயே குறைக்கும் ஒரு நுட்பத்தை இப்படிப் பெரிய பெட்ரோல் காரோடு ஒரே தட்டில் வைத்திருப்பது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. இன்றைய நிலையில் உங்கள் தூரத்துக்கு முழு மின்காரே பொருத்தம். வீட்டில் சார்ஜ் செய்ய வழியில்லையென்றால், ப்ளக் தேவைப்படாத டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா ஆகியவற்றின் ஸ்ட்ராங் ஹைப்ரிட் வகையைப் பாருங்கள். லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் என்பது சோதனைக்கூடத்து எண். சாலையில் அதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும்.

கேள்வி: அப்பாவிடம் கார்புரேட்டர் வேலை கற்று, சிங்காநல்லூரில் சொந்தமாகச் சிறு பட்டறை வைத்திருக்கிறேன். ஹைப்ரிட் வண்டிகள் வரத் தொடங்கியிருக்கின்றன. ஆரஞ்சு நிற ஒயரைப் பார்த்தாலே கை பின்வாங்குகிறது. இந்த வேலையை ஏற்கலாமா? (வாசகர், சிங்காநல்லூர்)

பதில்: கை பின்வாங்குவது நல்லதுதான், தம்பி. ஆரஞ்சு நிறம் உயர்மின்னழுத்தக் கம்பிக்கு உரிய அடையாளம். ராவ்4 பிரைம் போன்ற வண்டியின் பேட்டரி 350 வோல்ட்டைத் தாண்டும். அது நேர்மின்சாரம். வீட்டு மின்சாரத்தில் அடி வாங்கிப் பழகியவன் என்ற துணிச்சல் இங்கே உயிரை வாங்கும்.

ஆனால் வேலையை ஏற்கலாம், ஏற்கவும் வேண்டும். பிரேக், சஸ்பென்ஷன், டயர், பெட்ரோல் என்ஜினின் ஆயில் மாற்றம் ஆகிய எல்லாம் அந்த வண்டியிலும் இருக்கின்றன, அவை உனக்குத் தெரிந்த தொழில்தான். பிரேக்கில் ஒன்றைக் கவனித்துக்கொள். மோட்டாரே பெரும்பாலும் வேகத்தைக் குறைப்பதால், பேட் தேய்வதற்கு முன்பே காலிப்பர் பின் துருவேறி இறுகிவிடும். தேய்மானம் இல்லை என்று பார்க்காமல் விட்டுவிடாதே, கழற்றித் துடைத்து கிரீஸ் வை.

உயர்மின்னழுத்தப் பகுதியைத் தொட முறையான பயிற்சி பெற்ற பிறகே போக வேண்டும். அதுவரை உன் பட்டறையில் இந்தப் பழக்கங்களைக் கட்டாயமாக்கு. சாவியை வண்டியிலிருந்து வெகுதூரம் எடுத்து வை. என்ஜின் சத்தம் இல்லை என்பதால் வண்டி அணைந்துவிட்டது என்று பொருளில்லை. பானெட்டுக்குள் தலையை விட்டிருக்கும்போது அது தானாக ஓடத் தொடங்கலாம். பயிற்சி பெற்ற ஆள் வந்து 12 வோல்ட் பேட்டரியின் இணைப்பை எடுத்து, 1,000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறையோடு, உயர்மின்னழுத்தப் பேட்டரியைத் துண்டிக்கும் சர்வீஸ் ப்ளக்கை உருவினால், அதைத் தன் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்ளச் சொல். மேசை மேல் வைத்தால் வேறொருவர் எடுத்துத் திரும்ப மாட்டிவிடக்கூடும். ப்ளக்கை உருவிய பிறகும் இன்வெர்ட்டருக்குள் உள்ள கப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கும். அது வடிவதற்குப் பத்து நிமிடமாவது கடிகாரம் பார்த்துக் காத்திருந்து, மீட்டர் வைத்து மின்னழுத்தம் இல்லை என்று உறுதி செய்த பிறகே ஸ்பேனரைக் கையில் எடுக்க வேண்டும். அந்தக் கையுறையை ஒவ்வொரு முறையும் போடுவதற்கு முன் வாய்ப் பக்கத்திலிருந்து சுருட்டிக் காற்றை அடைத்து அழுத்திப் பார். ஊசித் துளை இருந்தாலும் காற்று சீறும். சீறினால் அதை அங்கேயே வெட்டிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கு.